பழைய ஸ்னாப்ஷாட்களை ஆர்கைவுக்கு அனுப்பலாமா? மூன்று வழிகளும் அவற்றின் கணக்கும்

கிளவுட் பில்லைத் திறந்தால் சர்வர் வாடகையில்தான் எல்லோருடைய கண்ணும் விழும். நான்கைந்து வரிகள் கீழே ஸ்னாப்ஷாட்டுக்கான, அதாவது ஒரு டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் பேக்கப்புக்கான, தொகை இருக்கும். முதல் ஆண்டில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது சர்வர் வாடகையை எட்டிப் பிடிக்கும் நாளில்தான் 'இவ்வளவு பேக்கப் எதற்கு?' என்ற கேள்வி எழுகிறது. பதில் சொல்ல ஆள் இருக்காது. எடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அழிக்க யாருக்கும் துணிவு வராது.

அழிக்கவும் மனமில்லை, இப்படியே விடவும் முடியவில்லை என்ற நிலையில் முதலில் கைக்குக் கிடைப்பது, அரிதாகத் தொடும் பேக்கப்புகளை மலிவாக வைக்கும் ஆர்கைவ் அடுக்கு. அமேசான் தன் கிளவுட் சர்வர்களுக்கான டிஸ்க் சேவையான ஈபிஎஸ்-இன் ஸ்னாப்ஷாட்களுக்கு இதை 2021 நவம்பர் இறுதியில் கொண்டுவந்தது. வடக்கு வர்ஜீனியா ரீஜியனின் பட்டியல் விலைப்படி சாதாரண அடுக்கில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.05 டாலர், ஆர்கைவில் 0.0125 டாலர். நான்கில் ஒரு பங்கு விலை. இதைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடத் தோன்றுவது இயல்பு.

நான் வேலை செய்த ஒரு குழுவில் அப்படித்தான் செய்தோம். 12 மாத இறுதி ஸ்னாப்ஷாட்களை ஒரே நாளில் ஆர்கைவுக்கு மாற்றினோம். அடுத்த மாத பில் கூடியிருந்தது. விலைப் பட்டியலில் தவறில்லை, நாங்கள் ஜிபியை எண்ணிய விதம்தான் தவறு. அந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் எதனோடும் ஒப்பிட முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜிபியின் கணக்கு மாறும் இடம்

ஒரு வால்யூமை, அதாவது சர்வரோடு இணையும் கிளவுட் டிஸ்க் ஒன்றை, எடுத்துக்கொள்வோம். அளவு 1,000 ஜிபி. அதில் உண்மையில் எழுதப்பட்டிருப்பது 600 ஜிபி. ஒவ்வொரு நாளும் சுமார் 6 ஜிபி மாறுகிறது. முதல் ஸ்னாப்ஷாட் எழுதப்பட்ட 600 ஜிபியையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த நாளைய ஸ்னாப்ஷாட் மாறிய 6 ஜிபியை மட்டும் சேமிக்கும், மீதிக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டின் பிளாக்குகளையே (டிஸ்க்கின் சிறு துண்டுகளையே) சுட்டிக்காட்டும். இப்படி 30 நாள் ஸ்னாப்ஷாட்களுக்கு 600-உடன் 29 முறை 6, ஆக 774 ஜிபி. மாதம் 38.70 டாலர். ஒவ்வொன்றும் முழு நகலாக இருந்திருந்தால் 18,000 ஜிபி, அதாவது 900 டாலர். சாதாரண அடுக்கின் சிக்கனம் முழுவதும் இந்தப் பகிர்வில்தான் இருக்கிறது.

ஆர்கைவுக்கு மாற்றும்போது இந்தப் பகிர்வு அறுந்துபோகிறது. அங்கே போகும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் யாரையும் சாராத முழு நகலாக மாற்றப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றும் 600 ஜிபி, மாதம் 7.50 டாலர். சாதாரண அடுக்கிலோ, வேறு எந்த ஸ்னாப்ஷாட்டும் பயன்படுத்தாத பிளாக்குகள் மட்டுமே விடுபடும். பக்கத்து ஸ்னாப்ஷாட் ஒன்று சுட்டிக்காட்டும் வரை ஒரு பிளாக் அங்கேயேதான் இருக்கும், அதற்கான வாடகையும் நின்றுவிடாது.

ஒரு மாத இறுதி ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே உரிய பிளாக்குகள் 60 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆர்கைவுக்கு மாற்றினால் சாதாரண அடுக்கில் 3 டாலர் குறையும், ஆர்கைவில் 7.50 டாலர் கூடும். 12 ஸ்னாப்ஷாட்களையும் மாற்றும்போது, அவை தமக்குள் மட்டும் பகிர்ந்த பிளாக்குகளும் சேர்ந்து 800 ஜிபி விடுபடுவதாகவே கொள்வோம். 40 டாலர் குறைகிறது, 90 டாலர் கூடுகிறது. நான்கில் ஒரு பங்கு விலை என்று போன இடத்தில் மாதம் 50 டாலர் கூடுதல் செலவு. எங்களுக்கு நேர்ந்ததும் இதே வகைதான், தொகை மட்டும் வேறு.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. ஒரு ஸ்னாப்ஷாட்டின் தனிப் பிளாக்குகள் அதன் முழு அளவில் கால்பங்குக்கு மேல் இருந்தால்தான் ஆர்கைவ் லாபம். 600 ஜிபிக்கு 150 ஜிபி. அதற்குக் கீழே எதுவும் நஷ்டம்தான்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். ஸ்கிரிப்ட் வழியாக ஸ்னாப்ஷாட்களைப் படிக்க உதவும் ஈபிஎஸ் டைரக்ட் ஏபிஐயில் இரு ஸ்னாப்ஷாட்களுக்கு இடையே மாறிய பிளாக்குகளைப் பட்டியலிடும் அழைப்பு இருக்கிறது. மாற்ற நினைக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் அதற்கு முந்தையதற்கும் ஒரு பட்டியல், அதற்கும் பிந்தையதற்கும் இன்னொரு பட்டியல் எடுங்கள். இரண்டிலும் இருக்கும் பிளாக்குகள்தான் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கே உரியவை. ஒவ்வொரு பிளாக்கும் 512 கேபி. பொதுவான பிளாக்குகள் 1,22,880 என்று எண்ணிக்கை வந்தால் சரியாக 60 ஜிபி. பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். இதை ஓட்டிப் பார்க்காமல் எந்த ஸ்னாப்ஷாட்டையும் நகர்த்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வழி ஒன்று: இருக்கும் இடத்திலேயே களையெடுப்பது

மூன்று வழிகளில் பெருமை இல்லாதது இதுதான், ஆனால் பெரும்பாலான இடங்களில் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. வால்யூமே அழிந்துபோன பிறகும் தங்கிவிட்ட ஸ்னாப்ஷாட்கள், ஒரு மேம்படுத்தலுக்கு முன் அவசரமாக எடுத்துவிட்டு மறந்தவை, பதிவுநீக்கம் செய்த சர்வர் இமேஜ்களின் (புதிய சர்வரை எழுப்ப உதவும் அச்சுகளின்) பின்னால் அனாதையாகக் கிடப்பவை ஆகியவற்றை வரிசைப்படுத்தினாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே வால்யூமின் தொடர் ஸ்னாப்ஷாட்களான சங்கிலியின் நடுவிலிருந்து ஒன்றை அழித்தால் பில் அதே அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தினமும் எடுக்கும் 30-இல் பத்தை அழித்தால், எடுத்துக்காட்டின்படி அதிகபட்சம் 60 ஜிபி, மாதம் 3 டாலர். அடித்தளமான 600 ஜிபி அப்படியேதான் இருக்கும். நாள் கணக்கைக் குறைப்பதைவிட, யாருக்கும் தேவையில்லாத ஒரு முழுச் சங்கிலியை நீக்குவதில்தான் பெரிய தொகை இருக்கிறது. பத்து வால்யூம்களின் கால அளவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில், மூடிப்போன ஒரு திட்டத்தின் 600 ஜிபி சங்கிலியை யாராவது நினைவுபடுத்தினால் அந்த ஒருவரே அன்றைக்கு அதிகம் மிச்சப்படுத்தியவர்.

வழி இரண்டு: ஆர்கைவ் அடுக்கு

இவ்வளவு சொன்ன பிறகு ஆர்கைவை வேண்டாம் என்று ஒதுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கே உரிய இடம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் அதற்கு நிகரில்லை.

மேலே சொன்ன மூடிப்போன திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சர்வர் இல்லை, வால்யூம் இல்லை, கடைசி நிலையைக் காட்டும் ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் இருக்கிறது. பகிர்ந்துகொள்ள அண்டை ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லாததால் 600 ஜிபியும் தனிப் பிளாக்குகள்தான். சாதாரண அடுக்கில் மாதம் 30 டாலர், ஆண்டுக்கு 360. ஆர்கைவில் மாதம் 7.50, ஆண்டுக்கு 90. விளம்பரம் சொல்லும் 75 சதவீதம் இங்கே முழுமையாகக் கிடைக்கிறது. ஆண்டு இறுதி ஸ்னாப்ஷாட்களும் பெரும்பாலும் தேறும். ஓராண்டில் வால்யூமின் பெரும்பகுதி மாறியிருந்தால் தனிப் பிளாக்குகள் 250 ஜிபியைத் தொடுவது வியப்பில்லை. அப்போது 12.50 டாலர் 7.50 ஆகக் குறைகிறது. தானாக ஸ்னாப்ஷாட் எடுத்துப் பராமரிக்கும் அமேசானின் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜர்கூட 28 நாளுக்குக் குறைந்த இடைவெளியில் எடுக்கும் அட்டவணைகளை ஆர்கைவுக்கு அனுப்ப அனுமதிப்பதில்லை. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

நிபந்தனைகள் மூன்று. முதலாவது, குறைந்தது 90 நாள் இருக்க வேண்டும். முன்பே அழித்தாலும் மீதி நாளுக்குப் பணம் கட்டியாக வேண்டும். 600 ஜிபிக்கு 90 நாள் என்றால் 22.50 டாலர். மூன்று வாரத்தில் அழித்துவிடப் போகும் ஸ்னாப்ஷாட்டுக்கு இது வீண். இரண்டாவது, திரும்ப எடுக்க ஜிபிக்கு 0.03 டாலர், அதாவது 18 டாலர். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் பாதகமில்லை. மாதம் ஒருமுறை எடுத்தால் 7.50-உடன் 18 சேர்ந்து 25.50 ஆகிவிடும். மீட்டெடுத்த நகலுக்குச் சாதாரண அடுக்கின் வாடகையும் சேர்ந்தால் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் கனமானது. மீட்டெடுக்க 72 மணி நேரம் வரை ஆகலாம், மூன்று நாள். ஆர்கைவில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து நேரடியாக வால்யூம் உருவாக்க முடியாது, வேறு கணக்கோடு பகிரவும் முடியாது. வெள்ளிக்கிழமை மாலை 'போன ஆண்டு மார்ச் மாதக் கோப்பு ஒன்று வேண்டும்' என்று யாராவது கேட்டால் திங்கள்கிழமை மாலை வரை அவரைக் காத்திருக்கச் சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்றால் ஆர்கைவ் சரி. முடியாது என்றால் அந்த ஸ்னாப்ஷாட் அங்கே போகக் கூடாது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஒரு சேவையைத் திரும்ப எழுப்பத் தேவைப்படும் கடைசி நல்ல பேக்கப்பை ஆர்கைவுக்கு அனுப்புவது, வீட்டுச் சாவியை மூன்று நாள் பயணத் தொலைவில் வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

மற்ற கிளவுட்களிலும் தத்துவம் இதுதான், எண்கள் மட்டும் வேறு. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் பேக்கப்பின் ஆர்கைவ் அடுக்குக்கு, மெய்நிகர் சர்வர்களைப் பொறுத்தவரை, மாத, ஆண்டு மீட்புப் புள்ளிகள் (அங்கே பேக்கப்புகளுக்கு அந்தப் பெயர்) மட்டுமே போகும். அவை சாதாரண அடுக்கில் மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும், இன்னும் ஆறு மாதமாவது வைத்திருக்கப்பட வேண்டியவையாகவும் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் காலம் 180 நாள். அங்கேயும் மாற்றும்போது முழு நகலாகிறது. திரும்ப எடுக்க வழக்கமான முன்னுரிமையில் 15 மணி நேரம் வரை ஆகும், கூடுதல் கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும். அமேசானின் 72 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. கூகுள் கிளவுடிலும் ஆர்கைவ் ஸ்னாப்ஷாட் என்று தனி வகை இருக்கிறது. அதிலும் 90 நாள் குறைந்தபட்சக் கட்டணமும் மீட்டெடுக்கும் கட்டணமும் உண்டு.

வழி மூன்று: டிஸ்க்கை விட்டுவிட்டுத் தரவை மட்டும் எடுப்பது

இந்த வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஸ்னாப்ஷாட் ஒரு டிஸ்க்கின் படம். இயங்குதளம், லாக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ்கள், அழித்த பின்னும் பிளாக்கில் தங்கிய எச்சங்கள் என்று எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் கேட்கப் போவது பெரும்பாலும் அந்தப் படத்தை அல்ல. ஒரு கணக்கின் பரிவர்த்தனைகளையோ ஒரு ஒப்பந்தத்தின் நகலையோதான் கேட்பார். அந்தத் தரவை மட்டும் எடுத்துச் சுருக்கி, எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜின் குளிர்ந்த அடுக்கில் வைத்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

நம் 600 ஜிபி வால்யூமில் இருப்பது ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்போம். அதை டம்ப் எடுக்கும்போது, அதாவது தரவை மட்டும் வெளியே ஒரு கோப்பாக எழுதும்போது, இன்டெக்ஸ்களின் உள்ளடக்கம் வராது. அவற்றை மறுபடி கட்டுவதற்கான கட்டளை மட்டுமே வரும். அதைச் சுருக்கிய பின் 80 ஜிபி என்று கொள்வோம். இது தரவின் தன்மையைப் பொறுத்தது. எழுத்தும் எண்ணும் நன்றாகச் சுருங்கும், ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் வீடியோக்களும் சுருங்கா. எஸ்3-இன் கிளேசியர் டீப் ஆர்கைவில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.00099 டாலர். 80 ஜிபிக்கு 8 சென்ட். 12 மாத டம்ப்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு டாலர்கூட ஆகாது. அதே 12 ஸ்னாப்ஷாட்களுக்கு ஆர்கைவில் 90 டாலர் ஆனதை நினைத்துப் பாருங்கள்.

டீப் ஆர்கைவிலிருந்து எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை, பல்க் எனும் மொத்தமாக எடுக்கும் முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். குறைந்தபட்சக் காலம் 180 நாள். காத்திருக்கவே முடியாது என்பவர்களுக்கு கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் இருக்கிறது. ஜிபிக்கு மாதம் 0.004 டாலர், உடனே வாசிக்கலாம், குறைந்தபட்சம் 90 நாள். 12 டம்ப்களுக்கு மாதம் 3.84 டாலர். ஸ்னாப்ஷாட் ஆர்கைவைவிடப் பல மடங்கு மலிவு, 72 மணி நேரக் காத்திருப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்கத் திணறுபவர்களுக்கு நான் சொல்வது இன்ஸ்டன்ட் ரிட்ரீவலையே. மாதம் மூன்று டாலர் மிச்சப்படுத்துவதற்காக அவசர நேரத்தில் அரை நாள் காத்திருப்பதில் பொருளில்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், சிறு கோப்புகளில். டீப் ஆர்கைவில் கோப்புகளை நேரடியாக எழுத ஆயிரம் கோரிக்கைகளுக்கு 0.05 டாலர். ஒரு கோடி சிறு கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றினால் அதற்கே 500 டாலர். அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் 40 கேபி மேல்சுமை கணக்கில் ஏறும். 10 கேபி கோப்பு 50 கேபியாகிவிடும். எனவே முதலில் டார் கருவியால் பல கோப்புகளை ஒன்றாக்கிப் பெரிய பொதிகளாகக் கட்டுங்கள். எந்தப் பொதியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைச் சாதாரண அடுக்கில் தனியாக வையுங்கள். இல்லையென்றால் ஒரு கோப்பைத் தேட எல்லாப் பொதிகளையும் எடுக்க வேண்டிவரும். ஒளிந்திருக்கும் இன்னொரு செலவு, தரவு போகும் வழியில் இருக்கிறது. இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாத தனிப்பட்ட சப்நெட்டில் (உள் வலைப்பகுதியில்) இருக்கும் சர்வர், வெளியே போகும் வாசலான நாட் கேட்வே வழியாக எஸ்3-க்கு எழுதினால் ஜிபிக்கு 0.045 டாலர் கடப்புக் கட்டணம். 600 ஜிபிக்கு 27 டாலர். எஸ்3-க்கு நேர்வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்டை அமைத்துவிட்டால் அந்தச் செலவு இல்லை, எண்ட்பாயிண்டுக்கும் கட்டணம் இல்லை.

பணத்தைத் தாண்டியும் டம்புக்கு ஒரு நன்மை உண்டு. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவுதான். ஒரு பதிப்பின் டேட்டா டைரக்டரியை அடுத்த பெரும் பதிப்பு அப்படியே படிக்காது. ஏழு ஆண்டு கழித்துப் பழைய ஸ்னாப்ஷாட்டைத் திறப்பவர், ஆதரவு முடிந்த பழைய மென்பொருளையும் தேடி ஓட்ட வேண்டியிருக்கும். டம்பைப் புதிய பதிப்பிலும் ஏற்றலாம்.

ஆனால் டம்ப் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. புதிய சர்வரில் ஏற்றிப் பார்த்த ஒரு மாலையில், திரையில் வரிசையாக ஒரே பிழைச் செய்தி ஓடியதை நான் மறக்கவில்லை. இந்தப் பெயரில் ரோல் எதுவும் இல்லை என்பதே அது. தனி டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் பிஜி-டம்ப், பயனர் ரோல்களையும் அவர்களின் கடவுச்சொற்களையும் எடுப்பதில்லை. அவை முழு சர்வருக்கும் பொதுவானவை. பிஜி-டம்ப்ஆல் கருவியில் அவற்றை மட்டும் எடுக்கத் தனித் தெரிவு இருக்கிறது. சில கேபி அளவுள்ள அந்தக் கோப்பு இல்லாததால் 80 ஜிபியின் உரிமைகள் எல்லாம் குலைந்து நின்றன. அன்று முதல் டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்டில் அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

எதை எடுக்க வேண்டும் என்றே தெரியாத பழைய சர்வருக்கு இந்த வழி பொருந்தாது. யாரோ பத்து ஆண்டுக்கு முன் கட்டிய மென்பொருள், அமைப்புக் கோப்புகள் எங்கெங்கோ கிடக்கின்றன என்றால் டிஸ்க்கை முழுதாகவே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு வழி இரண்டு.

சாவியை மறந்துவிடாதீர்கள்

எந்த வழியாக இருந்தாலும் ஒன்றைப் பார்க்காமல் விடக்கூடாது. மறையாக்கம் செய்த ஸ்னாப்ஷாட்டைத் திறக்க அதன் கேஎம்எஸ் சாவி (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையில் இருக்கும் மறையாக்கச் சாவி) உயிரோடு இருக்க வேண்டும். திட்டத்தை மூடும்போது நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். பயன்படாத சாவிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். ஸ்னாப்ஷாட் மட்டும் ஆர்கைவில் அப்படியே இருக்கும், மாதாமாதம் பணமும் கட்டிக்கொண்டிருப்போம், அதை யாராலும் திறக்க முடியாது. ஆர்கைவுக்குப் போகும் ஒவ்வொன்றின் டேக்கிலும் அதன் சாவியின் பெயரையும், எந்தத் தேதி வரை தேவை என்பதையும், யாரைக் கேட்டு அழிக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். சாவியின் விளக்கத்திலும் எந்த ஸ்னாப்ஷாட் அதை நம்பியிருக்கிறது என்று எழுதுங்கள்.

பிறகு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். ஆர்கைவிலிருந்து நிரந்தரமாகத் திரும்ப எடுக்கத் தேவையில்லை, தற்காலிக மீட்பு போதும். குறித்த நாள் முடிந்ததும் அந்த நகல் தானாக நீங்கிவிடும், ஆர்கைவில் இருப்பது அப்படியே இருக்கும். 600 ஜிபிக்கு மீட்புக் கட்டணம் 18 டாலர், ஏழு நாளுக்குச் சாதாரண அடுக்கின் வாடகை 7 டாலர். இந்த 25 டாலருக்கு, எத்தனை மணி நேரத்தில் வந்தது, சாவி வேலை செய்ததா, டேட்டாபேஸ் எழுந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது. மூடிப்போன திட்டத்தின் ஸ்னாப்ஷாட்டில் மிச்சமான 270 டாலரில் ஆண்டுதோறும் இதற்கு ஒதுக்குங்கள், அந்த மூன்று விடைகளையும் தேதியோடு டேக்கிலேயே எழுதி வையுங்கள்.